மனச்சோர்வும் புரோபயாடிக்கும்: எங்கள் நிலைப்பாடு

மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் புரோபயாடிக் காப்ஸ்யூல், அதாவது நன்மை செய்யும் என்று சொல்லி விற்கப்படும் உயிருள்ள பாக்டீரியா அடங்கிய காப்ஸ்யூல், சாப்பிடுவதை நாங்கள் எதிர்க்கிறோம். மாத்திரையோடு சேர்த்து, மருத்துவருக்குத் தெரிந்து சாப்பிடுவதை எதிர்க்கவில்லை. கடலூரிலும் சிதம்பரத்திலும் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களின் குடும்பங்களோடு பழகிவரும் குழு நாங்கள். "கொடல சரி பண்ணிட்டா மனசு சரியாயிடுமாமே, அப்புறம் எதுக்கு இந்த மாத்திர?" என்று எங்களிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கான பதிலை எல்லோரும் அறிய எழுதிவைக்கிறோம்.

இதைக் கேட்பவர்கள் விவரமில்லாமல் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் மனச்சோர்வு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் வருவதில்லை. "சோறு எறங்கல", "நெஞ்சு வரைக்கும் கேஸ் அடைக்குது", "வெளிக்குப் போயி மூணு நாளாச்சு" என்றுதான் வருகிறது. முதலில் மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை, பிறகு ஸ்கேன், பிறகு எண்டோஸ்கோப்பி. ரிப்போர்ட் எல்லாம் நார்மல். "உனக்கு ஒண்ணுமில்லம்மா" என்று அனுப்பிவைத்துவிடுகிறார்கள். தூங்காமல், சாப்பிடாமல், பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாமல் கிடக்கும் ஒரு பெண்ணின் காதில் அந்த "ஒண்ணுமில்ல" எப்படி விழும் என்பதை யாராவது யோசித்திருக்கிறார்களா? வீட்டில் அது "நடிக்கிறா" என்று மாறிவிடுகிறது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16 இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனச்சோர்வு உள்ளவர்களில் 100க்குச் சுமார் 85 பேர் சிகிச்சைக்குள் வரவே இல்லை என்றது. அவர்களில் பலர் வயிற்று வைத்தியத்துக்கான வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம்.

குடலுக்கும் மூளைக்கும் தொடர்பு உண்டு. மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற பொருளில் 90 விழுக்காடு அளவுக்குக் குடலில்தான் உருவாகிறது. ஆனால் அங்கே உருவாவது ரத்தத்தின் வழியாக நேரே மூளைக்குள் போய்விடாது. நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. செய்தி போகும் வழிகள் வேறு. அவற்றில் முக்கியமானது வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு. 2011 இல் எலிகளுக்கு ஒரு வகை லாக்டோபேசில்லஸ் பாக்டீரியாவைக் கொடுத்தபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. அந்த நரம்பை வெட்டிய எலிகளில் குறையவில்லை. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைத் தொடங்கிய முதல் வாரங்களில் குமட்டுவதற்கும் வயிற்றைக் கலக்குவதற்கும் இந்தக் குடல் செரட்டோனின்தான் காரணம். பெரும்பாலானவர்களுக்கு அது தானே அடங்கிவிடும். இதை முதல் நாளே யாரும் சொல்லாததால் பத்தாம் நாள் மாத்திரையைத் தூக்கிப்போட்டவர்களை நாங்கள் அறிவோம். மருந்து மனசைப் பிடிப்பதற்கே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும்.

எலிகளில் கண்டது மனிதரிலும் நடக்குமா? நியூசிலாந்தில் மனநல மருந்து எதுவும் எடுக்காத, மனம் தளர்ந்திருந்த 79 பேரிடம் எட்டு வாரம் பார்த்தார்கள். புரோபயாடிக் பெற்றவர்களுக்கும், ஒப்பிடுவதற்காக மருந்துப்பொருள் இல்லாத போலி மருந்து பெற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2017 இல் முடிவு வெளியானது. லண்டன் ஆய்வாளர்கள், மாத்திரை சாப்பிட்டும் முழுதாகத் தேறாத 49 பேருக்கு அதே மாத்திரையோடு 14 வகை பாக்டீரியா கலந்த புரோபயாடிக்கையோ போலி மருந்தையோ எட்டு வாரம் கொடுத்தார்கள். 2023 இல் வெளியான முடிவில், புரோபயாடிக் பெற்றவர்களின் சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் குறைந்திருந்தன. 49 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை, அதை ஆய்வாளர்களே முன்னோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். அதுவரை நடந்த ஆய்வுகளை அதே குழு 2021 இல் தொகுத்துப் பார்த்தபோதும் இதே கோலம்தான்: மருந்தோடு கொடுத்தால் பலன் தெரிகிறது, தனியாகக் கொடுத்தால் தெரியவில்லை. எங்கள் நிலைப்பாடு இதன்மேல்தான் நிற்கிறது. துணையாக வந்ததை மாற்றாக விற்கும் விளம்பரம் ஆய்வைத் தலைகீழாக்குகிறது.

பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்து இறால் பண்ணைக்காரர்களுக்குப் புரோபயாடிக் என்ற சொல் பழக்கமானது. குளத்து அடிச்சேறு கெடாமல் இருக்கவும் விப்ரியோ என்ற நோய்க்கிருமி பெருகாமல் இருக்கவும் அவர்கள் அதைப் போடுகிறார்கள். எந்த பாக்டீரியா, எத்தனை கோடி, காலாவதி எப்போது என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். ஒரு குளத்துக்கு எடுக்கும் அந்தக் கவனத்தை மனிதக் குடலுக்கு எடுக்க வேண்டாமா? லண்டனில் சோதித்த கலவை வேறு, கடைப் பலகையில் இருக்கும் டப்பா வேறு. டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுவதில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்று ஆங்கிலத்தில் இருக்கும். 2016 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி அதைக் கட்டாயமாக்கியது. முன்பக்கம் மனசுக்கு மருந்து போலவும் பின்பக்கம் மருந்தல்ல என்றும் எழுதி விற்பதை உணவுப் பாதுகாப்புத் துறை தடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் புரோபயாடிக் தீங்கற்றதும் அல்ல. கடும் கணைய அழற்சியில் கிடந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வில் புரோபயாடிக் பெற்றவர்களில் 24 பேரும் போலி மருந்து பெற்றவர்களில் 9 பேரும் இறந்தார்கள். இது 2008 இல் வெளியானது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களும் கேட்காமல் தொடக்கூடாது.

தயிர், மோர், பழைய சோறு பற்றியும் கேட்கிறார்கள். தாராளமாகச் சாப்பிடுங்கள். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா ஆவியில் செத்துவிடும், ஆனாலும் இட்லி நல்ல உணவுதான். சென்னை ஸ்டான்லி மருத்துவமனை பழைய சோற்றை ஆராய எடுத்துக்கொண்டது குடல் நோய்களுக்காக, மனச்சோர்வுக்காக அல்ல. பசியே இல்லாதவர் ஒரு டம்ளர் மோராவது குடித்தால் அதுவே எங்களுக்குச் சந்தோஷம். அதற்காக மாத்திரை அட்டையை அலமாரிக்குள் தள்ளிவிடக்கூடாது.

ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து 2021 இல் அரசு வசமான சிதம்பரம் மருத்துவமனையிடமும், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிடமும் நாங்கள் கேட்பது இது. வயிற்று நோய்க்கு வருபவரிடம், ரிப்போர்ட் நார்மல் என்று சொல்லும் முன், தூக்கத்தையும் துக்கத்தையும் பற்றி இரண்டு கேள்வி கேளுங்கள். மனநலப் பிரிவில் பசியையும் மலச்சிக்கலையும் கேளுங்கள். மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, அரசுப் பணத்தில், முறைப்படி பதிவுசெய்து, இந்த மாவட்டத்து மக்களிடமே ஓர் ஆய்வு நடத்தலாம். நம் சாப்பாடு வேறு, நம் குடலில் வாழ்வனவும் வேறு. காப்ஸ்யூல் கம்பெனியின் காசு அதில் கலக்கக்கூடாது.

குடும்பத்தாருக்கு: மாத்திரை வயிற்றைக் கலக்கினால் நீங்களாக நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம், நோயும் திரும்பலாம். மாத்திரை அட்டை, காப்ஸ்யூல் டப்பா இரண்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அளவைக் குறைப்பதா, சாப்பாட்டுக்குப் பின் கொடுப்பதா, மருந்தையே மாற்றுவதா என்று அவர் பார்த்துச் சொல்வார். சாகணும் என்ற பேச்சு வந்தால் மறு ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இரவிலும் எடுக்கும், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.