அத்தைக்குக் கீழே கோடு இல்லை

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயில் போகிற நெல்லை, தூத்துக்குடி மக்களுக்கு 'ஃபேமிலி ரீயூனியன்' என்று தனியாக ஒன்று தேவையே இல்லை. பம்பாய்க்காரர்கள், துபாய்க்காரர்கள், பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகள் எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். அழைப்பிதழும் இல்லை, ஏற்பாட்டுக் குழுவும் இல்லை. ஆனால் பெங்களூரிலிருந்து அந்த நேரத்தில் கிளம்புவது லேசா? பிள்ளைகளுக்குப் பரீட்சை, நமக்கு வருஷக் கணக்கு முடிக்கிற வேலை. ரயில் முன்பதிவை 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தார்கள். அதற்கப்புறமும் நமக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான்!

அதனால்தான் போன டிசம்பரில் அல்சூர் பக்கம் ஒரு மண்டபம் பிடித்து, தாத்தா குடும்பம் மொத்தமும் கூடினோம். 140 பேர் இருக்கும். மதியம் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். (பிசிபேளாபாத்தும் இருந்தது, சீண்டுவாரில்லை.) சாயங்காலம் ஏரிக்கரை வள்ளுவர் சிலையைப் பார்க்கப் பொடிசுகளைக் கூட்டிப் போனோம். 18 வருஷம் மூடிக் கிடந்து 2009ல் திறந்த சிலை என்றதும், "அவ்ளோ நாள் அவர் எப்படி மூச்சு விட்டார்?" என்றது ஒன்று :-)

நிற்க. நான் எழுத வந்தது மேடைக்குப் பக்கத்தில் தொங்கிய சார்ட்டைப் பற்றி.

பெரியப்பா மகன் மாதக்கணக்கில் உட்கார்ந்து தயாரித்த வம்சாவளி அது. உழைப்பைக் குறை சொல்ல முடியாது. தாத்தாவுக்கு நாலு மகன், ஐந்து மகள். மகன்களுக்குக் கீழே கிளை கிளையாகக் கோடுகள். மகள்களுக்குப் பெயர் மட்டும், அதோடு சரி. எழுபத்தெட்டு வயது அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தேடினாள். "ஏய்யா, எம் பேருக்குக் கீழ ஒண்ணும் இல்லையே, எம்புள்ளையள எங்க?"

"அவங்க வேற குடும்பம்லா, அத்தை" என்றான் அண்ணன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. காப்பி குடிக்கப் போய்விட்டாள்.

அண்ணன் சொன்னது கோயில் கணக்கு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புருஷன் வீட்டுக் குலதெய்வம். பிறந்த வீட்டில் தலைக்கட்டு வரி கிடையாது. கோயிலில் அது இருந்துவிட்டுப் போகட்டும். பெங்களூர் மண்டபத்துக்கு அந்தக் கணக்கு எதற்கு?

சட்டமே இதைத் தாண்டி வந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989ல் சொன்னது, கர்நாடகம் 1994ல் சொன்னது. இரண்டிலும் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு இல்லை. அத்தை மாதிரி எழுபதுகளில் கட்டிக்கொடுத்தவர்களுக்குக் கதவு அங்கேயே சாத்திவிட்டது. 2005ல் மத்திய சட்டத் திருத்தம் அந்த வேலியை எடுத்தது. அப்பா 2005ல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்கிற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தை யாரிடமும் பங்கு கேட்கவில்லை. சார்ட்டில் ஒரு கோடு கேட்டாள்.

நம் உறவுமுறைக்கே இது பொருந்தவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. காது குத்துக்கு மாமன் மடி வேண்டும், கல்யாணத்துக்கு மாமன் சீர் வேண்டும். அக்கா தங்கை பிள்ளைகளை அழித்துவிட்டால் நாம் யாருக்குத் தாய்மாமன்? அப்பாவின் தம்பி சித்தப்பா, அம்மாவின் தம்பி மாமா என்று பிரித்து வைத்திருக்கும் இந்த முறையைப் பார்த்து அமெரிக்க மானிடவியலாளர் மார்கன் அசந்துபோய், இரொக்குவா பழங்குடிகளின் முறையோடு ஒப்பிட்டு 1871ல் பெரிய புத்தகமே போட்டார். பக்கத்து வீட்டுக் கன்னடக் குழந்தை சிக்கப்பா, அத்தே, மாவா என்று சரியாகப் பிரித்துக் கூப்பிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லோருமே அங்கிள், ஆன்ட்டி. நாமே பாதி உறவைக் காட்டாமல் மறைத்துவிட்டு அவர்களைத் திட்டி என்ன பிரயோஜனம்?

அத்தையின் பேரன் ஒருவன் ஒயிட்ஃபீல்டில்தான் வேலை பார்க்கிறானாம், மூணு வருஷமாக. அன்றைக்குத்தான் தெரிந்தது. வாட்ஸப் குழுவிலும் அவன் இல்லை.

அடுத்தது சேலத்திலா ஓசூரிலா என்று இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. எங்கே நடந்தாலும் சரி, ஐந்து அத்தைமார் வீட்டுப் பெயர்களும் ஏறாமல் சார்ட்டை அச்சுக்குக் கொடுக்கக் கூடாது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். "இன்னும் பெரிய பேப்பர் வேணுமே" என்கிறான். வாங்கிக்கொள்ளலாம்.