மருந்தடிப்பும் இரண்டு நாள் சம்பளமும்

2020 ஏப்ரல் முதல் தேதி, திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கொரோனாவைத் தடுக்க ஒரு கிருமிநாசினிச் சுரங்கம் திறக்கப்பட்டது. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் இளைஞர் பிரிவான யங் இந்தியன்ஸ் அமைப்பும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து வைத்தது அது. நீளம் சுமார் 16 அடி. காய்கறி வாங்க வருகிறவர் முதலில் கை கழுவ வேண்டும். பிறகு இரு கைகளையும் தூக்கிக்கொண்டு மூன்று முதல் ஐந்து விநாடிக்குள் அதைக் கடக்க வேண்டும். நடக்கும்போது ஹைப்போகுளோரைட் கலந்த தண்ணீர் சாரலாக மேலே விழும். நாட்டிலேயே இதுதான் முதல் சுரங்கம் என்று செய்திகள் வந்தன. அன்றைய ஆட்சியர் விஜயகார்த்திகேயன் பகிர்ந்த காணொளி நாடு முழுக்கச் சுற்றியது. சில நாட்களிலேயே மற்ற மாவட்டங்களிலும் மற்ற மாநிலங்களிலும் சந்தை, மருத்துவமனை, காவல் நிலைய வாசல்களில் இதே அமைப்பு முளைத்தது.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இத்தகைய சுரங்கங்கள் கூடாது என்று தமிழகப் பொது சுகாதாரத் துறை இயக்குநர் குழந்தைசாமி சுற்றறிக்கை அனுப்பினார். மனிதர்கள் மேல் குளோரின் தெளிப்பதால் பயன் கிடையாது, தீங்கு உண்டு. போதாக்குறைக்கு, நாம் சுத்தமாகிவிட்டோம் என்ற தவறான நம்பிக்கையில் மக்கள் கை கழுவுவதைக்கூட விட்டுவிடுவார்கள் என்பது துறையின் வாதம். ஏப்ரல் 18 அன்று மத்திய சுகாதார அமைச்சகமும் ஆட்கள் மேல் தெளிக்க வேண்டாம் என்றது. மே மாதம் உலக சுகாதார நிறுவனம், எந்தச் சூழ்நிலையிலும் இது கூடாது என்றது. ஆனாலும் சுரங்கங்கள் பல இடங்களில் நின்றுகொண்டுதான் இருந்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், நவம்பர் 5 அன்று நீதிபதி அசோக் பூஷண் தலைமையிலான அமர்வு, தடை விதிப்பது பற்றி ஒரு மாதத்துக்குள் முடிவெடுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

சுரங்கம் வைத்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது இந்தத் தலையங்கத்தின் நோக்கமன்று. அவர்கள் நல்லெண்ணத்தோடு செய்தார்கள். ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சந்தையை மூடினால் ஊர் பட்டினி, திறந்தால் கூட்டம். ஏதாவது செய்தாக வேண்டிய நெருக்கடியில் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்தார்கள். தவறு என்று தெரிந்ததும் தமிழகப் பொது சுகாதாரத் துறை உச்ச நீதிமன்றத்துக்காகக் காத்திராமல் அதை வெளிப்படையாகச் சொன்னது பாராட்டுக்குரியது. நம் வருத்தமெல்லாம், தெளிப்பு நின்றபிறகும் தெளிப்பு மனப்பான்மை நிற்கவில்லை என்பதில்தான். தொற்று என்றால் மருந்தடிப்பது, மருந்தடித்தால் கடமை முடிந்தது என்ற எண்ணம் இன்றும் நிர்வாகங்களில் உயிரோடு இருக்கிறது. அடுத்த வைரஸ் வரும்போதும் முதலில் வெளியே வருவது தெளிப்பான்தான் என்றால், திருப்பூர் 2020, 2021 ஆண்டுகளில் பட்ட பாடு வீண்.

சாதாரண மக்கள் அந்த நாட்களில் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். காய்கறியை மஞ்சளும் உப்பும் கலந்த நீரில் போட்டார்கள். ரூபாய் நோட்டை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தவர்கள் உண்டு. நாளிதழைத் தொடவே பயந்து நிறுத்தியவர்களும் உண்டு. வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது, தெருவில் மஞ்சள் நீர் தெளிக்கப்பட்டது, கபசுரக் குடிநீருக்கு வரிசை நின்றது. மாலையானால் சுகாதாரச் செயலாளர் பீலா ராஜேஷ் வாசிக்கும் எண்ணிக்கைக்காக வீடுகள் தொலைக்காட்சி முன் காத்திருந்தன. நூறு ஆண்டுகளுக்கு முன் பிளேக் பரவியபோது கோவை வட்டாரத்தில் எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்களில் இன்றும் பூஜை நடக்கிறது. 2021இல் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தார்கள். இவற்றையெல்லாம் அறியாமை என்று ஒதுக்குவது எளிது. எதிரி எங்கே இருக்கிறான் என்று எவரும் உறுதியாகச் சொல்லாதபோது, கைக்கு எட்டியதைச் செய்து மனதைத் திடப்படுத்திக்கொண்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அறிந்தவர்கள் தாங்கள் அறிந்ததையும் அறியாததையும் மக்களிடம் உரிய நேரத்தில் பிரித்துச் சொன்னார்களா?

சொல்லவில்லை. முகக்கவசம் பொதுமக்களுக்குத் தேவையில்லை என்றே 2020இன் முதல் மாதங்களில் பேசிவந்த உலக சுகாதார நிறுவனம், ஜூன் தொடக்கத்தில்தான் கருத்தை மாற்றியது. காற்று வழிப் பரவலைக் கவனியுங்கள் என்று 239 அறிவியலாளர்கள் ஜூலையில் கூட்டாக எழுதவேண்டி வந்தது. தொட்ட பொருளிலிருந்து தொற்று வரும் வாய்ப்பு, ஒரு முறை தொடுவதற்குப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் அறிவித்தபோது 2021 ஏப்ரல் ஆகிவிட்டது. அதற்குள் ஓராண்டு காலம் கோடிக்கணக்கான வீடுகள் கைப்பிடியையும் கதவையும் துடைத்துக்கொண்டிருந்தன. அடைத்த ஜன்னலைத் திறக்கும்படி அவர்களுக்கு அழுத்தமாகச் சொல்ல ஆளில்லை.

உண்மையில், தெளிப்பைப் பற்றி இந்தியாவுக்கே பாடம் சொல்லியிருக்க வேண்டிய ஊர் திருப்பூர். சாய, சலவைப் பட்டறைகளில் வேலை பார்த்த எவரையும் கேளுங்கள். துணியை வெளுக்க மருந்தின் வீரியம் ஒரு கணக்கு, ஊறும் நேரம் இன்னொரு கணக்கு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் மஞ்சள் நிறம் போகாது. அழுக்கும் எண்ணெயும் இருந்தால் குளோரின் அவற்றோடு மல்லுக்கட்டியே வலுவிழந்துவிடும். வெளுத்து முடித்த துணியில் மிச்சமிருக்கும் குளோரினை முறிக்காமல் விட்டால் நூல் இற்றுப்போகும். மூடிய கூடத்தில் அதன் நெடி கண்ணை எரிக்கும், நெஞ்சை அடைக்கும். இதெல்லாம் பட்டறையில் முதல் மாதமே கற்றுக்கொள்ளும் பாலபாடம். கொரோனா வகை வைரஸ்களைச் செயலிழக்கச் செய்ய 0.1 சதவீத ஹைப்போகுளோரைட் பரப்பின் மேல் சுமார் ஒரு நிமிடம் இருக்க வேண்டும் என்று அதே ஆண்டுத் தொடக்கத்தில் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்லியிருந்தது. சட்டையின் மேல் ஐந்து விநாடி சாரல் எந்த மூலைக்கு? நுரையீரலுக்குள் இருக்கும் வைரஸை அது எப்படித் தொடும்? கரைசலை வலுவாக்கினால் கண்ணும் தோலும் போகும், நீர்க்கச் செய்தால் வைரஸ் போகாது. நொய்யல் ஆறு சாயக்கழிவால் கெட்டதையும், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவையும் கண்ட ஊருக்கு ரசாயனத்தின் பலமும் பலவீனமும் நன்றாகவே தெரியும். அந்தத் தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்கத்தான் ஆளில்லை.

தொற்று உண்மையில் எங்கே இருந்தது? தையல் கூடத்தின் காற்றில் இருந்தது. ஓவர்லாக், பிளாட்லாக் இயந்திரங்கள் தோளோடு தோள் நெருங்கி வரிசை கட்டியிருக்கும் கூடம். ஒருபுறம் அயர்னிங் மேசையின் நீராவி. செக்கிங் மேசையைச் சுற்றி எதிரெதிரே பெண்கள். பஞ்சுத் தூசு பறக்காமலிருக்கவும் வெயில் உள்ளே வராமலிருக்கவும் ஜன்னல்கள் அடைத்தே கிடக்கும். வேலை முடிந்தால் விடுதி, இல்லாவிட்டால் காம்பவுண்டுக்குள் லைன் வீடு.

அந்த வீட்டைச் சற்று அளந்து பார்க்கலாம். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் ஆயிரம் கன அடி. மீட்டர் கணக்கில் சுமார் 28 கன மீட்டர். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், வேலைக்கூடத்தில் ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்று விதித்தது. அந்தக் கணக்கில் இந்த அறை இரண்டு பேருக்கே சரியாக இருக்கும். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் ஐந்தாறு பேர் இப்படிப்பட்ட ஓர் அறையில் படுத்து எழுவது திருப்பூரில் புதிய காட்சியா? இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும்வரை அவர்களுக்குச் சட்டம் காற்றை அளந்து தருகிறது. படுக்கப் போனதும் அந்த அளவுகோல் கீழே வைக்கப்படுகிறது. தனிமைப்படுத்திக்கொள் என்ற அறிவுரை இந்த அறைக்குள் என்ன பொருள் தரும் என்று அறிவித்தவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

2021 மே மாதம் விடை வந்தது. சென்னையில் தொற்று இறங்கத் தொடங்கிய நேரத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் ஏறியது. மே 30 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இந்த மாவட்டங்களுக்கு நேரில் வந்தார். ஜூன் 7 முதல் மாநிலமெங்கும் தளர்வுகள் வந்தபோது, தொற்று குறையாத 11 மாவட்டங்களுக்கு மட்டும் குறைவான தளர்வுகள். திருப்பூர் அவற்றில் ஒன்று. ஆண்டுக்கு இருபதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் இந்த மாவட்டத்தில் அன்று அரசு மருத்துவக் கல்லூரி கிடையாது. அது திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12 அன்று. தொழிலாளர்களுக்கான 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டியிருந்தார். பெருந்தொற்று வந்தபோது அது கைகொடுக்கும் நிலையில் இல்லை. 2020 கோடையில் தொற்று கண்டவர்களை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ்கள் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குத்தான் ஓடின.

இதே ஊர்தான் அந்தக் காலத்தில் முகக்கவசத்தையும் பாதுகாப்பு உடையையும் தைத்துக் குவித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். டி-ஷர்ட் தைத்த கைகள் சில வாரங்களில் புதிய வேலைக்குப் பழகின. பாதுகாப்பு உடைக்கான துணியில் செயற்கை ரத்தம் ஊடுருவுகிறதா என்று கோவையின் ஜவுளி ஆய்வகமான சிட்ரா சோதித்துச் சான்று தந்தது. சோதித்துப் பார்த்துச் சான்று தருவது என்ற அந்த ஒழுங்கு ஏற்கெனவே நம்மிடம் இருந்தது. உடைக்குச் சோதனை கேட்டவர்கள், மக்கள் மேல் தெளித்த சாரலுக்கும் அதே சோதனையைக் கேட்டிருக்க வேண்டும்.

இப்போது எஞ்சியிருக்கும் முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளி தன் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம் வரை ஆண்டுக்கு 91 நாட்கள் உதவித்தொகை உண்டு. நல்ல திட்டம். ஆனால் நோயின் முதல் இரண்டு நாட்கள் பொதுவாகக் காத்திருப்புக் காலம். அந்த நாட்களுக்குப் பணம் வராது. கொரோனா வைரஸோ, அறிகுறி தெரிவதற்குச் சற்று முன்பும் தெரிந்த முதல் சில நாட்களிலும்தான் மிக வேகமாக அடுத்தவருக்குத் தாவுகிறது. எந்த நாட்களில் தொழிலாளி கட்டாயம் வீட்டில் இருக்க வேண்டுமோ, அந்த நாட்களுக்கே சம்பளம் இல்லை. பீஸ் ரேட்டில் தைப்பவருக்கோ தைக்காத நாளில் கூலியே இல்லை. பத்துப் பேருக்கும் குறைவாக வைத்து ஜாப் ஒர்க் செய்யும் சிறு யூனிட்டுகளில் இ.எஸ்.ஐ.யே கட்டாயமில்லை. சனிக்கிழமைச் சம்பளத்தில் இரண்டு நாள் குறைந்தால் வாடகையும் மளிகையும் உதைக்கும். அதனால் ஒரு பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. வாசலில் நெற்றியில் வெப்பமானி காட்டிய கம்பெனிகள், காய்ச்சல் கண்டவரைச் சம்பளமின்றித் திருப்பி அனுப்பினால், அடுத்த நாள் அவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வருவார்.

அந்த இரண்டு நாளுக்கும் சம்பளம் கொடுத்தால் உற்பத்திச் செலவு ஏறும், வங்கதேசத்தோடும் வியட்நாமோடும் போட்டி போட முடியாது என்று ஏற்றுமதியாளர்கள் சொல்லக்கூடும். அவர்கள் கவலை பொய்யல்ல. நூல் விலையும் ஆர்டர் ரத்தும் சிறிய நிறுவனங்களை எப்படி முறித்தன என்பதை ஊரே பார்த்தது. ஆனால் ஒருவருக்கு இரண்டு நாள் சம்பளம் தருவதா, ஒரு லைன் முழுக்க இரண்டு வாரம் படுத்து ஷிப்மென்ட் தவறுவதா என்று கணக்குப் போட அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. எக்ஸாஸ்ட் விசிறிக்கும், கூடத்துக் காற்றில் மூச்சுக்காற்று எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் சில ஆயிரம் ரூபாய்க் கருவிக்கும் ஆகும் செலவு பெரிதுமல்ல.

1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் இது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடும் நல்ல வழக்கமும் இங்கே உண்டு. நோயின் முதல் இரண்டு நாளுக்கான சம்பளம் அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக இடம்பெற வேண்டும். பீஸ் ரேட் தொழிலாளிக்கு முந்தைய வாரங்களின் சராசரியைக் கொண்டு அதைக் கணக்கிடலாம். விடுதிகளுக்கும் வாடகை அறைகளுக்கும் ஆளுக்கு இவ்வளவு இடம், இத்தனை ஜன்னல் என்று மாநில அரசு விதி செய்ய வேண்டும். மாவட்ட நிர்வாகமோ, அடுத்த தொற்றின் முதல் வாரத்தில் இதுவரை தெரிந்தது இது, தெரியாதது இது, அடுத்த வாரம் மாறக்கூடியது இது என்று தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அறிவிக்கத் தயாராக இருக்க வேண்டும். மனிதர்கள் மேல் எந்த ரசாயனத்தையும் தெளிப்பதில்லை என்ற உத்தரவு அதற்கான தயாரிப்புக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் இரு தரப்பினரும், முதல் நாளே இந்த இரண்டு நாள் கணக்கை மேசைமேல் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.