பாடலும் படைத்தவளும்

சேலத்திலிருந்து நாமக்கல் வரையில் பரந்து கிடக்கும் சமவெளியில் நிலக்கடலையும் மரவள்ளியும் விளைகின்றன. காவிரி பாயும் மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கங்களில் வாழையும் வெற்றிலைக் கொடியும் செழிக்கின்றன. அந்நிலத்தில் பயிரோடு பாட்டும் விளைந்தது. நாற்று நட்ட பெண்டிர் நடவுப்பாட்டுப் பாடினர். தூளியில் கிடந்த மகவைத் தாய் தாலாட்டினாள். மாண்டவரை நினைந்து முதியவள் ஒப்பாரி வைத்தாள். அப்பாட்டுகளைப் பிறர் எழுதித் தரவில்லை. பழைய மெட்டில் தம் சொல்லை அமைத்து அவர்களே கட்டினர்.

மோகனூரில் 1888-ஆம் ஆண்டில் தோன்றிய இராமலிங்கம் பிள்ளையை ‘நாமக்கல் கவிஞர்’ என நாடறியும். 1930-இல் வேதாரணியத்தில் நடந்த உப்பு அறப்போருக்கு அவர் பாட்டு எழுதித் தந்ததையும் நாடறியும். ஆயின், அவ்வூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் தாலாட்டுக் கட்டிய தாய்மாரின் பெயர்களை யார் அறிவார்?

பெண்டிர்க்குப் பாப்புனையும் ஆற்றல் குறைவு என்று கூறுதல் பொருந்தாது. காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் பாடிய பாடல்கள் ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தும் நிலவுகின்றன. அவை ஏட்டில் எழுதிக் காக்கப்பெற்றன. அவற்றோடு பாடியவர் பெயரும் காக்கப்பெற்றது. எழுதப்பெறாத பாட்டோ பாடியவளோடு மறையும். மறையாது தங்கினும் பெயரிழந்து தங்கும்.

இவ்வுண்மையை விளக்க நம் காலத்துக்கு அணித்தான சான்று ஒன்றுண்டு. மதுரையில் வாழ்ந்த அம்புஜம் கிருஷ்ணா 1917-இல் பிறந்தவர். இளமையிலேயே கருநாடக இசை பயின்றார்; தில்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் கற்றார்; தொழில்வளம் மிக்க குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். முப்பது வயதைக் கடந்த பின்னரே பாட்டெழுதத் தொடங்கினார். 1951-இல் திருவையாற்றில் தியாகராசர் ஆராதனைக்குச் சென்றபோது எழுந்த உள்ளக்கிளர்ச்சியே அவரது முதற்பாட்டுக்கு வித்தாயிற்று. அதன்பின் 1989-இல் மறையும் வரையில் தமிழிலும் பிற மொழிகளிலுமாக அறுநூறு பாடல்கள் வரை இயற்றினார். அவை ‘கீதமாலா’ என்னும் பெயரில் தொகுதிகளாக வெளிவந்தன. கானடா இராகத்தில் அமைந்த ‘என்ன சொல்லி அழைத்தால்’ போன்ற பாடல்கள் இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கின்றன. அவற்றை இயற்றியவர் இன்னார் என்பதும் உடன் சொல்லப்பெறுகிறது.

‘அவர் சொற்களையே எழுதினார், வி. வி. சடகோபன், மதுரை என். கிருஷ்ணன் போன்ற இசைவாணர்கள் அன்றோ மெட்டமைத்தனர்?’ எனச் சிலர் வினவலாம். மெய்யே. ஆயினும், சொல்லும் பண்ணும் கூடியதே பாட்டு. மெட்டமைத்தவரைப் போற்றுவதனால் சொல் தந்தவரின் சிறப்புக் குன்றிவிடாது.

அம்புஜம் கிருஷ்ணாவுக்குக் கல்வியும் ஓய்வும் இருந்தன. தாளும் அச்சும் கிட்டின. கழனியில் நின்ற பெண்ணுக்கு இவற்றுள் ஒன்றும் கிட்டவில்லை. இருவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு வாய்ப்பின் வேறுபாடே அன்றி, அறிவின் வேறுபாடு அன்று.

இக்குறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் நகரின் புகழ்பெற்ற மெட்ரோபாலிடன் இசைநாடக அரங்கில் 1903-இல் எதெல் ஸ்மித் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் இசைநாடகம் நடைபெற்றது. பெண்ணொருவர் இசையமைத்த மற்றொரு நாடகம் அவ்வரங்கில் ஏற நூற்றுப்பதின்மூன்று ஆண்டுகள் சென்றன. 2016-இல் அவ்வாறு ஏறியது பின்லாந்து நாட்டுக் கையா சாரியாஹோ (1952–2023) படைத்த நாடகம். செல்வமும் கல்வியும் மிக்க நாட்டிலேயே இந்நிலை எனின், வாய்ப்பற்ற பெண்டிர் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

‘பாட்டு ஊருக்கெல்லாம் பொது; அதற்குப் பெயர் எதற்கு?’ என்பாரும் உளர். பாட்டு பொதுவாகலாம், படைத்தவள் உழைப்பு மறக்கத்தக்கதன்று. பெயரை நாம் போற்றுவது தற்பெருமைக்காக அன்று. தனக்கு முன்னே ஒருத்தி பாடல் படைத்தாள் என்று அறியும் சிறுமி, ‘என்னாலும் இயலும்’ எனத் துணிவாள். அறியாதவளோ, அஃது ஆடவர்க்கே உரிய தொழில் என எண்ணி ஒதுங்குவாள்.

ஆகவே, மாணவ மாணவியர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. வீட்டிலுள்ள பாட்டியர் அறிந்த தாலாட்டையும் கும்மியையும் கேட்டு ஏட்டில் எழுதுக. அதன் கீழே, பாடியவர் பெயர், ஊர், கற்றுத்தந்தவர் பெயர் ஆகியவற்றையும் குறித்து வைக்க. பாட்டியர் உள்ளபோதே இதனைச் செய்தல் வேண்டும். அவர் மறைந்தபின் எவரைக் கேட்பது?