விண்வெளியும் நம் உயிரணுவும்

சென்ற வாரம் விடுதியில் இரவு உணவு முடிந்தபின் ஒரு வாதம் எழுந்தது. விண்வெளியில் ஏறத்தாழ ஓராண்டு தங்கிய அமெரிக்கர் ஒருவரின் மரபணுக்களில் நூற்றுக்கு 7 பங்கு மாறிவிட்டதாம். இரட்டைப் பிறவியான சகோதரரோடு அவருக்கிருந்த ஒற்றுமையே போய்விட்டதாம்! நண்பர் ஒருவர் இப்படி அடித்துப் பேசினார். நானும் தலையாட்டினேன். உயிரியல் மாணவன் தலையாட்டினால் பிறர் நம்பாமல் இருப்பார்களா? மறுநாள் நூலகத்தில் உட்கார்ந்து படித்த பிறகே என் தவறு விளங்கிற்று. அதைத் திருத்துவது என் கடமை. அதோடு நம் நாடு செய்ய வேண்டிய ஒன்றைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

உயிரணுவில் உள்ள டி.என்.ஏ.யை ஒரு பெரிய ஏடு என்று கொள்வோம். கண்ணிலும் கல்லீரலிலும் இருப்பது ஒரே ஏடுதான். ஆனால் கண் ஒரு பக்கத்தைப் படிக்கிறது. கல்லீரல் வேறொரு பக்கத்தைப் படிக்கிறது. எந்த மரபணு எப்போது, எவ்வளவு இயங்க வேண்டும் என்னும் இந்த ஒழுங்கே மரபணுக் கட்டுப்பாடு. விண்வெளி இதை இரு வழிகளில் தாக்குகிறது. ஒன்று கதிர்வீச்சு, மற்றொன்று எடையின்மை.

கதிர்வீச்சு எழுத்தையே சிதைக்க வல்லது. பழ ஈக்களின் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, மரபணு மாற்றம் நேர்வதை 1927-இல் காட்டினார் முல்லர். அதற்காக 1946-இல் நோபல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டே அமெரிக்கர்கள் பழ ஈக்களை ராக்கெட்டில் ஏற்றி 100 கிலோமீட்டருக்கும் மேலே அனுப்பி, உயிரோடு மீட்டனர். பூமியில் நாம் ஆண்டு முழுவதும் பெறும் இயற்கைக் கதிர்வீச்சு சராசரி 2.4 மில்லிசீவெர்ட். விண்வெளி நிலையத்தில் இருப்பவர் ஏறத்தாழ ஒரு வாரத்திலேயே அவ்வளவு பெற்றுவிடுகிறார். டி.என்.ஏ. இழை அறுந்தால் உயிரணு வாளாவிருப்பதில்லை. பி53 போன்ற மரபணுக்களின் காவல் முடுக்கிவிடப்படுகிறது, உயிரணு பெருகுவது நிறுத்தப்படுகிறது, பழுது பார்க்கப்படுகிறது, பழுது தீராதெனில் அந்த உயிரணு தன்னையே மாய்த்துக்கொள்கிறது.

எடையின்மையின் வழி வேறு. அது பெரும்பாலும் எழுத்தை விட்டுவிட்டு, படிக்கும் பக்கத்தை மாற்றுகிறது. 1983-இல் மனித வெள்ளணுக்களை விண்ணுக்கு எடுத்துச் சென்று தூண்டிப் பார்த்தார்கள். அவை ஏறக்குறைய உறங்கிக் கிடந்தன. பின்னாளில் ஒரு நுட்பம் செய்தார்கள். அதே கலத்தில் சில வெள்ளணுக்களைச் சுழலும் பொறியில் வைத்துச் செயற்கையாகப் பளு தந்தார்கள். அவை விழித்துக்கொண்டன! கதிர்வீச்சு இரண்டு தொகுதிக்கும் பொதுவாயிருக்க, உறக்கத்திற்குக் காரணம் எடையின்மையே அன்றோ?

இனி விடுதி வாதத்திற்கு வருவோம். ஸ்காட் கெல்லி 2015 முதல் 2016 வரை 340 நாள் மேலே இருந்தார். இரட்டையரான மார்க் கெல்லி பூமியில் இருந்தார். இருவரையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. ஸ்காட்டின் உடலில் எதிர்ப்பாற்றல், டி.என்.ஏ. பழுதுபார்த்தல் முதலியவற்றுக்கான மரபணுக்களின் இயக்கம் மாறியிருந்தது. திரும்பிய 6 மாதத்திற்குள் அவற்றில் 90 சதவீதத்திற்கு மேல் பழைய நிலையை அடைந்தன. குரோமோசோம்களில் சில புரட்டல்கள் நேர்ந்ததும் உண்மை. ஆனால் அந்த 7 சதவீதம், மாறிய இயக்கத்தில் திரும்பாமல் நின்ற பங்கைப் பற்றியது. ஏட்டின் எழுத்தைப் பற்றியதன்று.

அச்சம் வேண்டாம் என்பதற்காக அசட்டையும் வேண்டாம். அந்த ஆய்வு விண்ணுக்குச் சென்ற ஒரே ஒருவரைப் பற்றியது. ஒருவரைக் கொண்டு உலகை அளக்க முடியுமா? 2025-இல் விண்வெளி நிலையத்தில் தங்கிய நம் சுபான்ஷு சுக்லா, பெங்களூர் இன்ஸ்டெம் நிறுவனத்தின் தசை உயிரணு ஆய்வை அங்கே நடத்தினார். நல்ல தொடக்கம். ககன்யான் கலத்தில் நம்மவரை அனுப்பவும் ஆயத்தம் நடக்கிறது. ஏறுமுன், ஏறியபின், இறங்கியபின் என மூன்று வேளையும் ஒவ்வொருவரின் மரபணு இயக்கத்தை அளந்து வைப்பது விதியாக வேண்டும் என்பேன்.

சில நாள் பயணத்திற்கு இத்தனை எதற்கு என்று சிலர் கேட்பர். 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைப்பது நம் நாட்டின் திட்டம். மாதக்கணக்கில் அங்கே தங்குவோரின் மாறுதலை அறிய, முதல் அளவு இன்றே வேண்டாமா? புறப்படுமுன் எடுக்காத அளவைத் திரும்பி வந்தபின் எடுக்க முடியாது. ஆனால் ஒன்று: அந்த ஏடு அவரவர் உடைமை. மனமார்ந்த சம்மதமின்றி அதைப் பிறர் புரட்டலாகாது.

1984-இல் ராகேஷ் சர்மாவுக்கு உணவு ஆக்கித் தந்தது இந்த மைசூர்தான். நம் மானச கங்கோத்திரியில் பலவகைப் பழ ஈக்களை வளர்த்துக் காக்கும் நிலையமும் இருக்கிறது. அவ்வழியே நாள்தோறும் போகும் நம்மில் பலர் அதை அறியோம். மனிதனிடம் செய்யக் கூடாத சோதனையை ஈயிடம் செய்து கற்கலாம். நண்பர்களே, அடுத்த மாதக் கூட்டத்தை அந்த நிலையத்தில் வைத்துக்கொள்வோமா? அன்று நான் தலையாட்டியதைக் கண்டு நம்பியவர்கள் அவசியம் வரவேண்டும்.