‘செல் பண்பாடு’ என்றால் என்ன, தம்பி?

பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் எதிக்ஸ் கமிட்டியில் இப்போது உறுப்பினர். மனிதர்களிடம் மருந்தைச் சோதிக்கும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் குழுவில் குறைந்தது ஏழு பேர் வேண்டும், பாதிப்பேர் வெளியாட்களாக இருக்க வேண்டும், அறிவியல் படிக்காத சாமானியர் ஒருவரும் வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டு விதிகள். விஷயம் தெரியாதவர் என்பதற்காகவே எனக்குக் கிடைத்த முதல் பதவி இது.

சென்ற வருடம் ஓர் ஆய்வு மாணவர் கொதித்துப்போய் என்னிடம் வந்தார். சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவர்களிடம் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதை ஸ்டெம் செல்லாக மாற்றி, நோயை ஆய்வகத்தில் வைத்துப் படிக்கும் திட்டம் அவருடையது. கருவிலிருந்து எடுக்காமலே ஸ்டெம் செல் பெற, ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006-இல் எலியிலும், அடுத்த ஆண்டு மனிதச் செல்லிலும் செய்துகாட்டி, 2012-இல் நோபல் வாங்கிய முறை. "கருவைத் தொடவே இல்லை, ஐயா. அப்புறம் எதுக்கு ரெண்டு கமிட்டி? எட்டு மாசம் போச்சு. என் ஸ்காலர்ஷிப்பே முடிஞ்சிடும்" என்றார்.

இரண்டு கமிட்டி என்பது உண்மைதான். ஐ.சி.எம்.ஆரும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இப்படிப் புதிதாகச் செல் உருவாக்க ஸ்டெம் செல் குழுவும் எங்கள் குழுவும் தனித்தனியே சம்மதிக்க வேண்டும். அவர் கோபத்திலும் பாதி நியாயம் இருந்தது. எங்கள் கூட்டம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒருமுறை வக்கீல் உறுப்பினர் வரவில்லை என்று தேநீர் குடித்துவிட்டுக் கலைந்தோம். வழியில் உள்ள இந்தத் தடங்கல்களை நீக்கலாம், நீக்கத்தான் வேண்டும். கூட்டத்தை மாதாமாதம் நடத்த யாரும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால், கருவைத் தொடவில்லை என்பதால் கேள்வியே இல்லை என்பதை நான் ஏற்கவில்லை.

கருவின் பிரச்சினை போன இடத்தில் ரத்தம் கொடுத்தவரின் பிரச்சினை வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தச் செல்லில் இருப்பது பெயரும் ஊரும் உள்ள ஒருவரின் மரபணு. அது பெருகும், உறைநிலையில் வருடக்கணக்கில் கிடக்கும், வேறு ஆய்வகங்களுக்கும் போகும். போன பிறகு ‘எனக்கு இஷ்டமில்லை, திருப்பிக் கொடு’ என்றால் நடக்காது. ஆகவே கையெழுத்துக்கு முன்னால் சொல்வதுதான் எல்லாமே.

அவருடைய கோப்பில் ஒப்புதல் படிவம் கடைசிப் பக்கத்தில் செருகப்பட்டிருந்தது. தமிழ் வடிவத்தைக் கூட்டத்தில் உரக்கப் படித்தேன்: "உங்கள் ரத்தத்திலிருந்து செல் கோடு உருவாக்கப்பட்டுப் பண்பாட்டில் வைக்கப்படும்." லைன் கோடாகி, செல்லை ஆய்வகத்தில் வளர்ப்பதைக் குறிக்கும் கல்ச்சர் பண்பாடாகிவிட்டது. டாக்டர்கள் சிரித்தார்கள். இதே படிவம் அதற்கு முன்பே மூன்று மேசைகளைக் கடந்து வந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கில வடிவத்தை மட்டும் பார்த்து ‘டிக்’ போட்டிருக்கிறார்கள்.

நானே உட்கார்ந்து திருத்தினேன், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பிறகுதான், ரத்தம் கொடுப்பவர்கள் எந்த ஊர் என்று கேட்கத் தோன்றியது. கூடலூர்ப் பக்கம், பணியர் குடியிருப்பு. நீலகிரியின் பழங்குடிகளிடம் இந்த நோய் அதிகம். பணியருக்குத் தனி மொழி உண்டு. என் அழகுத் தமிழை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது?

அதனால் நான் கேட்பது இதுதான்: கோப்பில் ஒப்புதல் படிவம் முதல் பக்கமாக இருக்கட்டும். ரத்தம் கொடுப்பவரின் மொழியில் அதை ஒருவர் வாய்விட்டுப் படித்துக்காட்டிய பிறகே அறிவியல் பகுதியைத் திறக்கட்டும். இதற்கெல்லாம் நேரமில்லை என்பவர்கள், முழங்கால் வலி முதல் ஆட்டிசம் வரை ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளைப் பார்க்கலாம். சில ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர வேறு எதுவும் வழக்கமான சிகிச்சை ஆகாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அந்தக் கிளினிக்குகாரர்களோ எந்தக் கமிட்டியின் படியும் ஏறுவதில்லை. விதியைக் கேட்டு நடக்கும் மாணவனுக்குத்தான் எட்டு மாதம். எனக்கும் இது உறுத்துகிறது.

என் பிடிவாதத்தால் அவருக்கு இன்னும் இரண்டு மாதம் போயிற்று. பணிய மொழி பேசும் சுகாதாரப் பணியாளர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கூடலூர் போய்வந்தார். ரத்தம் எடுக்க அல்ல, படிவம் புரிகிறதா என்று பார்க்க. வயதான ஓர் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் செத்துப்போனா அதை என்ன பண்ணுவீங்க?" என்றாராம்.

படிவத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. போன கூட்டத்தில் முக்கால் மணி நேரம் அதையே பேசினோம். அந்த வரியை எழுதித் தரும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. இரண்டுமுறை எழுதிக் கிழித்துவிட்டேன். மாணவர் நேற்றும் போன் செய்தார்.