ஊதிய எண்ணும் நீதியின் அளவுகோலும்

மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுவோர் மீது எனக்கு இரக்கம் கிடையாது. ஆயினும், அத்தகைய வழக்கில் காவல் துறை முன்வைக்கும் சாட்சியத்தை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்துவது குடிகாரர்களுக்குத் துணைபோவதாகும் என்ற எண்ணம் பிழையானது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி, 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.-க்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னர், முதல்முறை சிக்குவோருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். கம்பைநல்லூரைச் சுற்றியுள்ள கூலித் தொழிலாளிக்கு அது பல வார வருமானம். வழக்காட வழியின்றிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டுவதே அவருக்கு எளிதாகத் தோன்றும்.

ஊதிப்பார்க்கும் 'பிரெத் அனலைசர்' கருவி ரத்தத்தை அளப்பதில்லை. மூச்சிலுள்ள ஆல்கஹாலை அளந்து, ரத்தத்தில் அதைப்போல் சுமார் 2,100 மடங்கு இருக்கும் என்ற பொதுக் கணக்கின்படி ஓர் எண்ணைக் காட்டுகிறது. ஆல்கஹால் கலந்த மருந்தால் சற்றுமுன் வாய் கொப்பளித்திருந்தாலும் அந்த எண் உயரக்கூடும். ஆகவே, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் ஊதச் செய்வதும், கருவியை உரிய காலத்தில் சரிபார்ப்பதும் இன்றியமையாதவை.

கருவியின்றி வெறும் தோற்றத்தை நம்புவதும் போதாது. மது வாடை, தள்ளாட்டம், குழறல், விரிந்த கண்மணி ஆகியவற்றைக் கொண்டு மட்டும் ஒருவர் மது அருந்தியதாக முடிவுசெய்ய இயலாது என்று பச்சுபாய் கர்யானி வழக்கில் உச்சநீதிமன்றம் 1971-இலேயே கூறிவிட்டது.

சோதனையில் நேரும் குறை, வசதி படைத்தோருக்கு வேறுவிதமாகப் பயன்படுகிறது. 2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் கார் மோதிப் பத்திரிகையாளர் கே.எம். பஷீர் உயிரிழந்தார். காரை ஓட்டியதாகக் குற்றம்சாட்டப்பட்டவர் ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவரது ரத்த மாதிரி பல மணி நேரம் கழித்தே எடுக்கப்பட்டது. அதில் ஆல்கஹால் காணப்படவில்லை. அவர் அருந்தியிருந்தாரா, இல்லையா என்பதை இனி எந்த ஆய்வகமும் உறுதியாகச் சொல்ல இயலாது. ரத்தத்தில் ஆல்கஹால் மணிக்குச் சுமார் 15 மி.கி. வீதம் குறையும் என்பதால், 60 மி.கி. அளவில் சிக்கியவர்கூட இரண்டு மணி நேரத்தில் சட்ட வரம்புக்குள் வந்துவிடுவார்.

இதற்கான விடை சட்டத்திலேயே உள்ளது. 185-ஆவது பிரிவின்கீழ் கைதாகுபவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆவது பிரிவு. இரவிலும் மருத்துவரும் ரத்த மாதிரி எடுக்கும் வசதியும் எட்டும் தொலைவில் இருந்தால்தான் பேரூராட்சிகளில் இவ்விதிக்குப் பொருள் உண்டு.

நேரம் அச்சிட்ட சீட்டு, கருவியின் சரிபார்ப்புச் சான்று, மறுப்போருக்கு உடனடி ரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். நிரபராதி தப்பவும் குற்றவாளி சிக்கவும் இவையே வழி.