நிறுத்தவர் கணக்கைக் காட்டுக!

நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொழுந்து பறிக்கும் தாய் மாலையில் தராசு முள்ளைத் தன் கண்ணாற் காண விரும்புகிறாள். பிறர் சொன்ன நிறையை நம்பிக் கூலி இழந்த தலைமுறைகள் புகட்டிய பாடம் அது. ஆனால், அவள் குழந்தையை நிறுத்து, உயரம் அளந்து, இரத்தம் சோதித்தவர்கள் எழுதிய கணக்கு எங்கே?

தோட்டங்களில் நோயாராய்ச்சி புதிதன்று. கொக்கிப்புழு நோயை ஒழிக்கவென ராக்பெல்லர் நிறுவனம் 1916 இல் இலங்கைத் தோட்டங்களிற் பணி தொடங்கியது. அன்றுதொட்டு எம் மக்கள் ஆய்வுப் பொருளாயினர். ஆய்வை வாசிப்போராக ஆகவில்லை.

2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார அளவீட்டைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3; தோட்டப்பகுதியிலோ 31.7. அரசு வெளியிட்ட இவ்வறிக்கையை எவரும் பணமின்றி வாசிக்கலாம். ஆதலாலன்றோ நாம் அதனைச் சான்று காட்டி வாதாட முடிகிறது! பூட்டிய ஏட்டைக் காட்டி யார் நீதி கேட்பது?

பூட்டு உயிரையும் வாங்கும். லைபீரியாவில் எபோலா வரக்கூடும் என்பதற்கான தடயம் 1982 இலேயே ஐரோப்பியச் சஞ்சிகையொன்றில் வெளியாகியிருந்தது. 2014 இல் அந்நாடு நோயால் துடித்தபின்னரே அதன் சுகாதார அதிகாரிகள் அதனை அறிந்தனர். அத்தகைய கட்டுரையொன்றைப் பெற 45 டொலர் வேண்டும். அங்குள்ள மருத்துவருக்கு அது ஏறத்தாழ அரைவாரச் சம்பளம் என 2015 இல் அவர்களே எழுதினர்.

அச்சிடச் செலவுண்டு என்பர் பதிப்பகத்தார். மறுக்கவில்லை. ஆயின், வாசகனை விட்டு ஆசிரியரிடம் ஆயிரக்கணக்கான டொலர் கேட்பது பூட்டை ஒரு கதவிலிருந்து மறு கதவுக்கு மாற்றுவதேயாகும். பேராதனையின் இளம் ஆய்வாளர் அதற்கு எங்கே போவார்? 1887 இல் தோன்றிய இலங்கை மருத்துவச் சஞ்சிகையை இன்று எவரும் இலவசமாக வாசிக்கலாம். எனவே, இது ஆகாத காரியமன்று.

நாம் கேட்பவை இரண்டு. பொதுப் பணத்தில் நடைபெறும் ஆய்வுகள் அனைத்தும் பல்கலைக்கழக ஏட்டகங்களில் எல்லார்க்கும் திறந்திருத்தல் வேண்டும். தோட்டத்தில் நடந்த ஆய்வின் சுருக்கம் தமிழில் அத்தோட்டத்துக்கே திரும்பி வரல் வேண்டும். படித்த தமிழர்கள் இம்மொழிபெயர்ப்புப் பணியைத் தம் கடனாகக் கொள்வார்களாக.

கொழுந்துக்குத் தராசைக் காட்டுவது நியாயமெனில், குழந்தைக்குக் காட்டாதது எந்த நியாயம்?